பொது ஓவியக்கூடத்தில் எண்ணெய் வண்ணம் தீட்டும்போது எவற்றில் கவனம் தேவை?

பலரும் அஞ்சுவது வண்ணங்களின் நச்சுத்தன்மையை. ஆனால் முதலில் கவனிக்க வேண்டியது தூரிகை துடைத்த துணிகளையே என்பது என் உறுதியான கருத்து. எண்ணெய் வண்ணத்தில் கலந்துள்ள ஆளிவிதை எண்ணெய் நீர்போல ஆவியாகி உலர்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் வினைபுரிந்து இறுகுகிறது, அவ்வினையில் வெப்பம் வெளிப்படுகிறது. எண்ணெய் தோய்ந்த துணிகளைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் குவித்துவிட்டால், அவ்வெப்பம் வெளியேற வழியின்றிச் சேர்ந்து, நெருப்பே காட்டாமல் சில மணி நேரத்தில், பெரும்பாலும் அனைவரும் வீட்டுக்குச் சென்ற பின்னர், தீப்பற்றக்கூடும். எனவே அவற்றை மூடியுள்ள உலோகக் கலனில் நீரில் அமிழ்த்தி வைக்க வேண்டும். இன்றேல் வெளியே தனித்தனியாக விரித்து உலர்த்த வேண்டும்.

வண்ணத்தை நீர்க்கச் செய்யும் கரைப்பானான டர்பன்டைனின் ஆவி, ஏறத்தாழ 35 டிகிரி செல்சியசிலேயே ஒரு தீப்பொறி பட்டால் தீப்பற்றக்கூடியது. நம் ஊர்க் கோடைப் பகல் அதை எளிதில் தாண்டும். வாசனையற்ற கரைப்பானும் ஆவியாகவே செய்யும் என்பதால், மணம் இல்லாததைப் பாதுகாப்பு என்று எண்ணிவிடக் கூடாது. தூசுக்கான முகக்கவசம் இவ்வாவிகளைத் தடுக்காது; எதிரெதிர்ச் சன்னல்களைத் திறந்து, பயன்படுத்தாத கிண்ணங்களை மூடி வைப்பதே பயன் தரும். குடிநீர்ப் புட்டிகளில் கரைப்பானை ஊற்றி வைக்கும் வழக்கத்தை, பிறரும் புழங்கும் இடத்தில், தயவுசெய்து அறவே விட்டுவிடுங்கள்.

ஈய வெள்ளை, காட்மியம் ஆகிய நச்சு வண்ணங்கள் குழாயில் பசையாக இருக்கையில் தோலில் படாமலும் வாய்க்குப் போகாமலும் காத்தால் பெரும்பாலும் போதும்; உலர்ந்த படலத்தை உப்புத்தாளால் தேய்க்கும்போது எழும் தூள்தான் நுரையீரலை அடைகிறது, அருகில் வேலை செய்பவருக்கும் பரவுகிறது. அவ்வேலையை நீர் தொட்டு, தகுந்த முகக்கவசத்துடன் செய்யுங்கள். உண்பதைக் கூடத்துக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள்.