சர்க்கரைச் சரக்கு: கேள்வி-பதில்

கேள்வி: 20 அடி கண்டெய்னரில் 50 கிலோ மூட்டை எத்தனை ஏறும்?

பதில்: 500க்குச் சற்று மேலே. சுமார் 26 டன். போகிற சாலையின் எடை வரம்பு அதைவிடக் குறைவென்றால் அதுதான் கணக்கு.

கேள்வி: கச்சாச் சர்க்கரையை மூட்டை கட்டாமல் கப்பலில் அப்படியே கொட்டுகிறார்களே?

பதில்: எப்படியும் சுத்திகரிப்பு ஆலையில் கரைத்து மறுபடி படிகமாக்கப் போகிறார்கள். வெள்ளைச் சர்க்கரை நேரே வாய்க்குப் போவது. அதற்கு இந்த வழி வேண்டாம்.

கேள்வி: மூட்டைகள் கல்லாக வந்து சேர்ந்தன. கப்பலில் ஈரம் பட்டிருக்கிறது. யார் மேல் கேஸ் போடலாம்?

பதில்: கேஸுக்கு வக்கீலைப் பாருங்கள். ஈரம் பட்டது மேலடுக்கிலா, ஓரத்திலா, நடுவிலா? எழுதவில்லை. கட்டிய அன்று சர்க்கரை எத்தனை டிகிரியில் இருந்தது? அதுவும் இல்லை. கப்பல்காரன் மட்டும் குற்றவாளி!

சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது: சூட்டோடு கட்டாதீர்கள். டிரையரிலிருந்து வருவது 40 டிகிரிக்குக் கீழே ஆறிய பிறகே சாக்குக்குள் போக வேண்டும். சூட்டோடு தைத்தால் படிகத்தைச் சுற்றியுள்ள பாகுப் படலத்தின் ஈரம் கிளம்பும். சாக்குக்குள் இருக்கும் பிளாஸ்டிக் பையை, அதாவது உள்லைனரை, தாண்ட முடியாமல் குளிர்ந்த ஓரத்துக்கு நகரும். அங்கே படிகத்தின் மேல்பரப்பைக் கரைக்கும். திரும்பக் காயும்போது ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒரு மூட்டையை அறுத்துப் பார்த்திருக்கிறேன். ஓரத்தில் இரண்டு விரல் கனத்துக்கு ஓடு, நடுவில் பொலபொலவென்று நல்ல சர்க்கரை, வெளிச்சாக்கில் சொட்டு ஈரமில்லை. கடல் தண்ணீர் இப்படியா வேலை செய்யும்? சந்தேகமென்றால் சாக்கின் கறையில் சில்வர் நைட்ரேட் விட்டுப் பாருங்கள். உப்பிருந்தால் வெள்ளையாகத் திரியும்.

கேள்வி: கண்டெய்னரில் ஈரம் உறிஞ்சும் பைகளைத் தொங்கவிட்டால் போதுமா?

பதில்: போதாது. கூரை வியர்த்துச் சொட்டும். மூட்டைகளின் மேல் கிராஃப்ட் தாள் என்கிற தடித்த பழுப்புத் தாளை விரியுங்கள். ஏற்றும் முன் உள்ளே நின்று கதவைச் சாத்தச் சொல்லுங்கள். எங்காவது வெளிச்சம் ஊசிமுனையாகத் தெரிந்தால் அந்தப் பெட்டி வேண்டாம். தரைப் பலகையையும் முகர்ந்து பாருங்கள், சர்க்கரை வாடையைப் பிடித்துக்கொள்ளும். சூட்டோடு கட்டியிருந்தால் எத்தனை பை தொங்கியும் பயனில்லை.

கேள்வி: பேக்கிங் அறையில் கொஞ்சம் தூசிதானே, வாரக் கடைசியில் பெருக்கலாமா?

பதில்: 2008இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், போர்ட் வென்ட்வொர்த் சர்க்கரை ஆலையில் தூசி வெடித்து 14 பேர் இறந்தார்கள். இன்றே சுத்தம் செய்யுங்கள். காற்றுக்குழாயால் ஊதிக் கிளப்பிவிடாதீர்கள்.

கேள்வி: மூட்டையைக் கொக்கி போட்டுத் தூக்கலாமா?

பதில்: கூடாது. வெளிச்சாக்கின் ஓட்டையைத் தைத்துவிடுவீர்கள். உள்லைனரை யார் தைப்பது?