அன்ஃபாலோ செய்தும் ஃபீட் அடங்கவில்லையா?

இன்ஸ்டாகிராமில் பாதிப் பேரை அன்ஃபாலோ செய்தும் முன்பின் தெரியாதவர்களின் பதிவுகளே வருகின்றன, சொந்தக்காரர்களை எடுத்தால் கோபித்துக்கொள்வார்கள் என்கிறீர்கள். அந்தத் தெரியாத முகங்கள் எல்லாம் இன்ஸ்டாகிராமே காட்டும் பரிந்துரைகள். அன்ஃபாலோ அவற்றிடம் செல்லுபடியாகாது. செட்டிங்ஸில் பரிந்துரைப் பதிவுகளை 30 நாள் நிறுத்திவைக்கும் வசதி இருக்கிறது, அதைப் போடுங்கள். கெடு முடிந்ததும் சத்தமில்லாமல் திரும்ப ஆரம்பித்துவிடும் (அதுதானே இன்ஸ்டாகிராமின் பிழைப்பு!), அதனால் போனில் ஒரு நினைவூட்டல் வைத்துவிடுங்கள்.

சொந்தக்காரர்களுக்கு மியூட் போதும்; ஃபாலோ அப்படியே இருக்கும், அவர்கள் போடுவது மட்டும் கண்ணில் படாது. பதிவு, ஸ்டோரி இரண்டையும் தனித்தனியே மியூட் செய்யலாம். அவர்களுக்குத் தகவல் எதுவும் போகாது. நேரில் பார்த்தால் வழக்கம்போலச் சிரித்துப் பேசிக்கொள்ளலாம்.

அப்புறம், யூடியூபும் இழுக்கிறது என்றால் பார்த்தவற்றின் வரலாற்றை அழித்து, பதிவாவதையும் நிறுத்துங்கள். முகப்பில் பரிந்துரை வீடியோக்கள் நின்றுவிடும்.