மலை மேல சின்ன மியூசியம்: நீங்க கேட்டது, நாங்க சொல்றது

லீவு சீசன் வந்தாலே நம்ம கேள்வி பதில் பகுதிக்கு ஊட்டி, கொடைக்கானல்னு ஹோட்டல் கேள்வியா வந்து குவியும். இந்த தடவை ஆச்சரியமா மியூசியம் பத்தி கேட்டிருக்கீங்க, அதனால ஹோட்டல் கேள்வி எல்லாத்தையும் அடுத்த இதழுக்கு தள்ளிட்டோம், கோச்சுக்காதீங்க.

கேள்வி: மே மாசம் குடும்பத்தோட ஊட்டி போறோம். முத்தோரை பாலாடாவுல பழங்குடி மக்கள் மியூசியம் இருக்குன்னு பக்கத்து வீட்டு அக்கா சொன்னாங்க. என் வீட்டுக்காரர் பொட்டானிக்கல் கார்டன், போட் ஹவுஸ் போதும்ங்கிறார். பசங்க ஒண்ணு ஆறாவது, ஒண்ணு ஒன்பதாவது. அவ்ளோ தூரம் போற அளவுக்கு அதுல என்ன இருக்கு?
வாசகி, பெரம்பூர்

அவ்ளோ தூரமெல்லாம் இல்லம்மா, ஊட்டியில இருந்து சுமார் 10 கிலோமீட்டர்தான். போட் ஹவுஸ் க்யூவுல நிக்கிற நேரத்துல போய்ட்டு வந்துடலாம். ஆனா ஒண்ணு முன்னாடியே சொல்லிடறேன், ஏசி ஹால், லைட் ஷோ, டச் ஸ்க்ரீன் அதெல்லாம் எதிர்பார்த்து போனா சார் சொன்னதுதான் கரெக்ட்னு ஆயிடும். அது பழங்குடியினர் ஆராய்ச்சி மையம், கவர்மென்ட் ஆபீஸ், அதோட சேர்ந்த மியூசியம், அவ்ளோதான். அதனாலயே சனி ஞாயிறு போகாதீங்க, வேலை நாள்ல பகல்ல போங்க.

நம்ம தமிழ்நாட்டுல 37 பழங்குடிகள் பட்டியல்ல இருக்காங்க, அதுல ரொம்ப நலிஞ்ச நிலையில இருக்கறவங்கன்னு அரசு தனியா குறிச்சு வச்சிருக்கறது ஆறு பேரை: தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர். ஆறு பேருமே நீலகிரியில இருக்காங்க. மியூசியத்துல இவங்க பொருட்கள், பழைய போட்டோக்கள், கூடவே அந்தமான் நிக்கோபார் மக்களோடதும் இருக்கு. அதை விட பசங்களுக்கு பிடிக்கப்போறது வீடுங்கதான். தோடர், கோத்தர், குறும்பர், பணியர், காணிக்காரர் வீடுகளை மாதிரிக்கு கட்டி வச்சிருக்காங்க. காணிக்காரர் மட்டும் நீலகிரி இல்ல, அவங்க தெக்க கன்னியாகுமரி, பொதிகை மலை பக்கம்.

தோடர் வீட்டு முன்னாடி கொஞ்ச நேரம் நில்லுங்க. பீப்பாயை நெடுக்க பாதியா வெட்டி கவுத்து வச்ச மாதிரி இருக்கும், மூங்கிலையும் பிரம்பையும் வளைச்சு மேல புல்லு வேய்ஞ்சது, முன்னாடி பின்னாடி பலகையோ கல்லோ வச்சு அடைச்சிருப்பாங்க, ஜன்னலே கிடையாது. வாசல் மூணடி உயரம் இருந்தாலே பெருசு, தவழ்ந்துதான் உள்ள போகணும். ஏன் இவ்ளோ சின்ன வாசல்னு பசங்களையே கேளுங்க, பதில் சொல்லிடாதீங்க, அவங்களே யோசிக்கட்டும். ராத்திரி அந்த மேட்டுல அடிக்கிற குளிர் காத்து ஒரு காரணம், காட்டு மிருகம் இன்னொரு காரணம். உள்ள ஒரு பக்கம் படுக்க மேடை, அடுப்பு, தரையிலயே குழிச்சு வச்ச உரல், அதுக்கு அந்தாண்ட பால் வேலை நடக்கற இடம். ஒரே ரூம் வீட்டுக்குள்ள அந்த உரல் குழிதான் எல்லைக்கோடு, சின்ன வீடுன்னு நாம சொல்றதுக்குள்ள எவ்ளோ கணக்கு பாருங்க. இப்ப பெரும்பாலான தோடர் குடும்பங்கள் நம்மள மாதிரி சிமெண்ட் வீட்டுலதான் இருக்காங்க, அதையும் பசங்ககிட்ட சொல்லிடுங்க, இல்லன்னா இன்னும் எல்லாரும் புல்லு வீட்டுல தவழ்ந்துட்டு இருக்காங்கன்னு ஸ்கூல்ல போய் சொல்லும்ங்க.

அடுத்தது என்னோட சொந்த குறைன்னே வச்சுக்கோங்க. இந்த மாதிரி எந்த மியூசியம் போனாலும் இது தோடர், இது கோத்தர், இது குறும்பர்னு தனித்தனியா பிரிச்சுதான் வச்சிருப்பாங்க. பார்த்துட்டு வர்றவங்களுக்கு இவங்க ஒருத்தரை ஒருத்தர் பார்த்ததே இல்லாத மாதிரி ஒரு நினைப்பு வந்துடும், ஆனா நிஜம் அதுக்கு நேர் எதிர். எருமை மேய்ச்ச தோடர்கிட்ட பாலும் நெய்யும் இருந்துச்சு, அரிவாள், கோடாலி, கத்தி எல்லாம் அடிச்சு குடுத்தது கோத்தர், மண்பானை வனைஞ்சதும் கோத்தர் வீட்டு பொம்பளைங்கதான், தானியம் விளைவிச்சது படகர், தேனும் காட்டுப் பொருளும் குறும்பர் கொண்டு வந்தது, தோடர் வீட்டு சாவுக்கு வந்து வாசிச்சது கோத்தர் மேளம். காசே இல்லாம தலைமுறை தலைமுறையா இன்ன குடும்பத்துக்கு இன்ன குடும்பம்னு நடந்த கொடுக்கல் வாங்கல் இது, வெள்ளைக்காரன் ரோடு போட்டு, சந்தை வந்து, இரும்புச் சாமான் கடையில சல்லிசா கிடைக்க ஆரம்பிச்சதும்தான் கொஞ்சம் கொஞ்சமா உடைஞ்சுது. அதனால ஒரு பானையையோ அரிவாளையோ பார்த்தா செஞ்சது யாரு, வச்சு பொழங்கினது யாருன்னு ரெண்டு கேள்வி கேளுங்க, ரெண்டுக்கும் பதில் ஒரே ஆளா இருக்காது. ஒன்பதாவது படிக்கிற பிள்ளைக்கு இது எகனாமிக்ஸ் பாடத்தை விட நல்லா ஏறும்.

மத்த விஷயம் சுருக்கமா: கார்ல போனா இ-பாஸ் வேணும், ஹைகோர்ட் உத்தரவுப்படி 2024 மே 7ல இருந்து நடைமுறையில இருக்கு, பஸ்லயோ ரயில்லயோ போனா தேவையில்ல. பிளாஸ்டிக் தண்ணி பாட்டில் மாவட்டம் முழுக்க தடை, செக்போஸ்ட்லயே வாங்கி வச்சுக்குவாங்க, வீட்டுல இருந்து ஸ்டீல் பாட்டில் எடுத்துட்டு போங்க.

கேள்வி: நான் காலேஜ்ல சோஷியாலஜி படிக்கிறேன். உயிரோட இருக்கற மக்களை மியூசியத்துல வச்சு காட்டுறதே தப்பில்லையா? அப்படியே தோடர் குடியிருப்பான மந்துக்கு நேர்ல போனா அவங்க வாழ்க்கையை நிஜமா பார்க்கலாமே?
வாசகர், வேளச்சேரி

தம்பி, முதல் பாதி கேள்விக்கு கை குடுக்கறேன், ரெண்டாவது பாதி அதை விட மோசம்ப்பா.

நம்ம எழும்பூர் மியூசியத்துக்கு 1885ல இருந்து 1908 வரை எட்கர் தர்ஸ்டன்னு ஒருத்தர் சூப்பரின்டெண்டென்ட்டா இருந்தார். தென்னிந்திய சாதி, பழங்குடி பத்தி 1909ல ஏழு வால்யூம் போட்டவர். நீலகிரிக்கும் போனார், காலிப்பர் எடுத்து மண்டை நீளம், மூக்கு அகலம்னு மனுஷனை அளந்து நோட்டுல எழுதினார். மூக்கோட அளவை வச்சு ஆளுங்களை தரம் பிரிக்கலாம்னு அந்தக் காலத்துல சீரியஸா நம்பினாங்க. அந்த அளவெல்லாம் இன்னைக்கு எதுக்கும் ஆகாது, ஆனா அவர் அப்ப சேகரிச்ச பொருளும் எழுதி வச்ச பழக்கவழக்கமும் இன்னமும் ஆராய்ச்சிக்காரங்களுக்கு தேவைப்படுது, இதுதான் இந்த துறையோட சங்கடம். உன் கேள்விக்கு பதில் அதனால ஆமா இல்லைன்னு வராது. பொருளை காட்டு, அது யாரோடது, எப்படி வந்துச்சு, அவங்க இப்ப எங்க இருக்காங்கன்னு கூடவே எழுது, அதுல தப்பில்ல. போட்டோவுல ஒரு ஆளை நிக்க வச்சு படத்துக்கு அடியில ஜாதி பேரை மட்டும் எழுதிட்டு அவர் பேரை விட்டா அது தப்பு, பழைய படம் முக்கால்வாசி அப்படித்தான் இருக்கு.

இப்ப மந்துக்கு வருவோம். தோடர் மொத்தமே சுமார் 2000 பேர்தான், சீசன்ல ஒரு நாளைக்கு ஊட்டிக்கு வர்ற கார் எண்ணிக்கை அதை விட ஜாஸ்தி. ஒவ்வொரு காரும் நிஜ வாழ்க்கை பார்க்கறேன்னு அவங்க வாசல்ல வந்து நின்னா எப்படி இருக்கும்னு உங்க வேளச்சேரி தெருவுல வச்சு யோசிச்சு பாரு. மியூசியத்துல மாதிரிக்கு கட்டி வச்ச வீட்டுக்குள்ள நீ எத்தனை தடவை வேணா எட்டிப் பார்க்கலாம், யாருக்கும் தொந்தரவு இல்ல. மந்துல அவங்க பால் கோயில், அதாவது எருமைப் பால் வேலை நடக்கற புனிதமான இடம், இருக்கும், பூசாரி தவிர வேற யாரும் உள்ள போகக்கூடாது, சுத்தி இருக்கற கல் சுவரை தாண்டி செல்ஃபி எடுக்க போறதெல்லாம் கர்ப்பக்கிரகத்துக்குள்ள செருப்போட போற வேலை. படிப்புக்காக போகணும்னா டிபார்ட்மென்ட் லெட்டரோட ஆராய்ச்சி மையத்துல போய் கேளு, அவங்க சொல்ற வழியில போ.

கேள்வி: என் பையன் ஜார்ஜியாவுல திபிலிசியில எம்பிபிஎஸ் படிக்கிறான். நாங்க பார்க்க போறப்ப உஷ்குலின்னு ஒரு மலை கிராமத்துக்கு கூட்டிட்டு போறேன்ங்கிறான், அங்க ஒரு சின்ன மியூசியம் இருக்காம். எனக்கு வயசு 56, முட்டி வலி உண்டு, நாங்க சைவம். போகலாமா?
வாசகி, கொளத்தூர்

பையன் நல்ல இடமா பார்த்துதான் சொல்லியிருக்கான்மா. உஷ்குலி இருக்கறது ஸ்வானேத்தின்னு ஒரு பகுதியில, காக்கசஸ் மலைக்கு நடுவுல. உயரம் சுமார் 2100 மீட்டர், நம்ம ஊட்டியே 2240 மீட்டர், அதனால மூச்சு வாங்குமோன்னு பயப்படாதீங்க. ஆனா ஊட்டியில உறைபனி, அங்க நிஜ பனி, வருஷத்துல பாதி நாள் பனிக்குள்ளயே கிடக்கற ஊரு, அதனால ஜூன்ல இருந்து செப்டம்பருக்குள்ள போற மாதிரி வச்சுக்கோங்க. ஒரே நாள்ல திபிலிசியில இருந்து போய்ட்டு வர்ற கதையே கிடையாது, மெஸ்தியான்ற ஊர்ல தங்கி அங்க இருந்து 45 கிலோமீட்டர் மலை ரோடு. முட்டிக்கு கஷ்டம் நடையில இல்ல, அந்த வண்டி குலுக்கல்லயும் மியூசிய படிக்கட்டுலயும்தான். கோபுரத்துக்குள்ள ஏறறது ஏணி, அது உங்களுக்கு வேண்டாம், பையன் ஏறி போட்டோ எடுத்துட்டு வரட்டும்.

ஆமா, கோபுரம். வீட்டுக்கு வீடு கல்லுல ஒரு கோபுரம் கட்டி வச்சிருக்காங்க, நிறைய கோபுரம் 9ல இருந்து 12ஆம் நூற்றாண்டுக்குள்ள கட்டினது, எதிரி வந்தாலும் பங்காளிச் சண்டை வந்தாலும் உள்ள ஏறி கதவை அடைச்சுக்கறதுக்கு. 1996ல யுனெஸ்கோ பட்டியல்ல சேர்த்துட்டாங்க. சமவெளியில படையெடுப்பு வந்தப்பல்லாம் சர்ச்சோட விலை மதிப்பான பொருளை இந்த மலைக்கு அனுப்பி பத்திரப்படுத்தியிருக்காங்க, அதுல பலது இன்னைக்கு மெஸ்தியா மியூசியத்துல இருக்கு, அது பெரிய மியூசியம், 2013ல புதுசாக்கி திறந்தது.

ஆனா நீங்க தேடிப் போய் பார்க்க வேண்டியது பழைய வீடு, மச்சுபின்னு சொல்லுவாங்க, மெஸ்தியாவுலயே ஒரு வீட்டை மியூசியமா வச்சிருக்காங்க. ஒரே பெரிய கூடம், நடுவுல அடுப்பு, அடுப்புக்கு மேல கூரையில இருந்து ஒரு பலகைக்கல்லு தொங்கும், தீப்பொறி பறந்து மேல மரத்துல பத்திக்காம இருக்க. சுவரை ஒட்டி சுத்தி மாட்டுத் தொழுவம், தொழுவத்து முகப்பு மரம் முழுக்க வட்டமும் பூவுமா செதுக்கியிருப்பாங்க, அதுக்கு மேல் தட்டுல மனுஷங்க படுக்கை. கீழ மாடு விடற சூடு மேல படுத்திருக்கறவங்களுக்கு. குடும்பத்து பெரியவருக்கு மட்டும் செதுக்குன தனி நாற்காலி, வேற யாரும் உட்காரக்கூடாது, இது நமக்கும் தெரிஞ்ச கதைதான். நீலகிரியில தோடர் எருமையை வெளிய பட்டியில விட்டுட்டு வாசலை சின்னதாக்கி குளிரை சமாளிச்சாங்க, இவங்க மாட்டையே வீட்டுக்குள்ள கொண்டு வந்துட்டாங்க, ரெண்டு ஊரையும் பார்த்தவங்களுக்கு இதை பத்தியே ஒரு நாள் பூரா பேசலாம்.

சாப்பாடு: குப்தாரின்னு ஊருக்கே ஃபேமஸ் ஒண்ணு, அது கறி வச்சது, தொடாதீங்க. சீஸ் வச்ச கச்சாப்புரி ரொட்டி, உருளைக்கிழங்கும் சீஸும் போட்டு இழுபடற மாதிரி கிண்டுற தஷ்மிஜாபி ரெண்டும் சைவம்தான், வயிறு ரொம்பிடும். ஊறுகாய் மட்டும் மறக்காம எடுத்துட்டு போங்க.

கேள்வி: ஊட்டி, ஜார்ஜியா எல்லாம் பட்ஜெட்டுக்கு ஒத்து வராது. சென்னையிலயே ஏதாவது?
வாசகர், தாம்பரம்

தாம்பரத்துல மின்சார ரயில் ஏறுங்க, எழும்பூர்ல இறங்குங்க, பாந்தியன் ரோடு மியூசியம், 1851ல ஆரம்பிச்சது, வெள்ளிக்கிழமை லீவு. மானுடவியல் பகுதிக்கு போங்க. சில கேலரி வேலை நடந்து மூடியிருந்தாலும் இருக்கும், டிக்கெட் எடுக்கறதுக்கு முன்னாடியே கேட்டுடுங்க. வீடு பார்க்கணும்னா ஈசிஆர்ல முட்டுக்காடு தட்சிணசித்ரா, நாலு தென் மாநிலத்து பழைய வீடுங்களை பிரிச்சு கொண்டு வந்து திரும்ப கட்டியிருக்காங்க, செவ்வாய் லீவு. மலை வீடு எதிர்பார்க்காதீங்க, ஆனா வீட்டை பார்த்து ஆளுங்களை புரிஞ்சுக்கற பழக்கம் அங்க நல்லா வரும்.

கேள்வி: ஊட்டியில தோடர் எம்ப்ராய்டரி சால்வை வாங்கினேன். ஒரு பக்கம் நைஸா இருக்கு, இன்னொரு பக்கம் நூல் எல்லாம் தூக்கிட்டு முரட்டுத்தனமா இருக்கு. ஏமாத்திட்டாங்களா?
வாசகி, தி.நகர்

இல்லம்மா, சரியான சரக்குதான் வாங்கியிருக்கீங்க. அந்த முரட்டுப் பக்கத்தைத்தான் பெரும்பாலும் வெளிய தெரியற மாதிரி போடுவாங்க, நூல் மேடு மேடா எழும்பி நிக்கறதுதான் அதோட அழகு. ட்ரேஸ் எடுக்காம, படம் வரையாம, துணியோட இழையை கண்ணால எண்ணி எண்ணி போடற ஊசி வேலை அது, வெள்ளைத் துணியில சிவப்பும் கறுப்பும். தோடர் துணி நெய்யறது இல்ல, துணியை வெளிய வாங்கி வேலை மட்டும் அவங்க பண்றது, 2013ல புவிசார் குறியீடு கிடைச்சாச்சு. மெஷின்ல போட்டதா இருந்தா எல்லா தையலும் அச்சு மாதிரி ஒரே அளவுல இருக்கும், கைவேலைன்னா எங்கயாவது ஒரு இடத்துல இழை ஒண்ணு கூட குறைய இருக்கும், வெளிச்சத்துல புடிச்சு பாருங்க. துவைக்கறப்ப வாஷிங் மெஷின்ல போட்டுடாதீங்க, அந்த தூக்கின நூல் எல்லாம் ஜிப்புலயும் ஹூக்குலயும் மாட்டிக்கும்.