பழைய மாருதி 800-க்குத் தரமான ஸ்பேர் பார்ட்ஸ் எப்படித் தேடுவது?

உங்கள் கேள்வி இது: அப்பா வாங்கிய 1998 மாடல் மாருதி 800, கார்புரேட்டர் வண்டி. சர்வீஸ் சென்டரில் "இதுக்கெல்லாம் இப்ப பார்ட்ஸ் வர்றதில்ல சார், வண்டிய மாத்திடுங்க" என்கிறார்கள். வெளியில் வாங்கினால் டூப்ளிகேட்டைத் தலையில் கட்டிவிடுவார்களோ என்று பயம். என்ன செய்வது?

என்னிடமும் அதே தலைமுறை 800 ஒன்று சென்னை டிராஃபிக்கில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

"வர்றதில்ல" என்ற பதிலை அப்படியே வாங்கிக்கொண்டு திரும்பாதீர்கள். 1983 டிசம்பரில் தொடங்கி 2014 ஜனவரி வரை செய்த வண்டி இது. நம் வண்டியில் இருக்கும் 796 சிசி எஃப்8பி இன்ஜின்தான் ஆம்னியிலும் உட்கார்ந்திருக்கிறது. ஆம்னி 2019 வரை வந்தது. அதனால் பிஸ்டன், ரிங், பேரிங் மாதிரி இன்ஜின் உள்சாமான்களுக்குப் பெரிய பஞ்சம் இல்லை. ஆனால் ஆம்னிக்குப் பின்சக்கரம் இழுக்கும், நம்முடையதற்கு முன்சக்கரம். கியர்பாக்ஸ், இன்ஜின் மவுண்டிங் பக்கம் போய் "ஆம்னிதே போடலாம் சார்" என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள்.

கவுன்டரில் கிடைக்கும் "இல்லை"யில் பாதி, பார்ட் நம்பர் பிரச்சினை. மாருதியின் நம்பரைக் கவனித்திருக்கிறீர்களா? முதலில் ஐந்து இலக்கம், நடுவில் எம் என்ற எழுத்து, பிறகு ஐந்து குறிகள். முதல் ஐந்து அது என்ன பார்ட் என்று சொல்லும்: 16510 என்றால் ஆயில் ஃபில்டர், 13780 என்றால் ஏர் ஃபில்டர். அடுத்த மூன்று எந்த மாடலுக்கானது என்பது, கடைசி இரண்டு எத்தனையாவது திருத்தம் என்பது. காலப்போக்கில் பழைய நம்பரை ரத்து செய்து, அதே வேலைக்குப் புது நம்பர் கொடுத்துவிடுவார்கள். பழைய நம்பரைத் தட்டி "ஸ்டாக் இல்லை" என்று சொல்பவரிடம், "இதுக்கு மாத்து நம்பர் வந்திருக்கா பாருங்க" என்று கேட்டுப் பாருங்கள். கம்ப்யூட்டரில் அது ஏறியிருக்கும். பூட்மோ போன்ற ஆன்லைன் கடைகளிலும் நம்பரைப் போட்டே தேடலாம். நான் அங்கே வாங்குவதைவிட நம்பர் தேடப் போவதுதான் அதிகம். நம்பர் கையில் இருந்தால் கடைக்காரர் பேசும் விதமே மாறும். "800-க்கு ஒரு வாட்டர் பம்ப் குடுங்க" என்று போய் நின்றால், அவருக்கு எது தள்ள வேண்டியிருக்கிறதோ அதுதான் நம் கைக்கு வரும்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இனிமேல்தான். கார் கம்பெனி எல்லாவற்றையும் தானே செய்வதில்லை. பிரேக், கிளட்ச், பேரிங், ஷாக், ஹாரன் எல்லாம் வேறு வேறு ஆட்கள் செய்து கொடுப்பது. அதில் பலர் நம் ஊர்க்காரர்கள்: பாடியில் லூகாஸ் டிவிஎஸ், பிரேக்ஸ் இந்தியா, செம்பியத்தில் இந்தியா பிஸ்டன்ஸ், ஸ்டீயரிங் பாகங்களுக்கும் பிரேக் லைனிங்குக்கும் ரானே, கோவையில் பிரிகால், ரூட்ஸ். இவர்கள் கார் கம்பெனிகளுக்கும் கொடுப்பார்கள், தங்கள் சொந்தப் பெயரிலும் கடைக்கு அனுப்புவார்கள். கார் கம்பெனியின் பாக்கெட்டில் இல்லை என்பதால் அது டூப்ளிகேட் ஆகிவிடாது.

உங்கள் வண்டிக்கு யார் செய்தது என்று எப்படித் தெரியும்? கழற்றிய பழைய பார்ட்டை மெக்கானிக் ஓரமாக எறிவாரே, அதை எடுத்து மண்ணெண்ணெயில் துடையுங்கள். இரும்பிலோ ரப்பரிலோ செய்தவர் பெயரோ முத்திரையோ பெரும்பாலும் வார்த்தே இருக்கும். அந்தப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். அட்டைப் பெட்டியை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம்; பார்ட்டின் உடம்பில் இருப்பதைத்தான் நான் நம்புவேன்.

ஒருநாள் எங்கள் மெக்கானிக் ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையமான ஆயில் சீல் இரண்டை மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். ஒரே அளவு, ஒரே கறுப்பு. ஒன்றில் அளவும் பெயரும் கூர்மையாகப் பதிந்திருந்தன. உதடு என்பார்களே, அந்த உள் விளிம்பு நகத்தில் இடறும் அளவுக்குத் தெளிவு. உள்ளே இருக்கும் சுருள் கம்பி பளபளவென்று இருந்தது. மற்றதில் எழுத்து மழுங்கல், உதட்டோரம் ரப்பர் பிசிறு, கம்பியில் பெட்டியைத் திறக்கும்போதே துரு. "இதுவும் ஒரிஜினல் மாதிரியேதான் சார்" என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். அந்த 'மாதிரியே' காதில் விழுந்தவுடன் பர்ஸை உள்ளே வைத்துவிடலாம். ஜிஎஸ்டி பில் கேட்டதும் "பில்லு போட்டா ரேட்டு ஏறும்" என்று முகம் மாறுகிற கடையும் அப்படித்தான்.

பழைய ஸ்டாக் கிடைத்தால் சந்தோஷப்படலாமா? பார்ட்டைப் பொறுத்தது. பெட்டியில் 'மாருதி உத்யோக்' என்று இருந்தால் அது 2007-க்கு முன்னால் அச்சடித்தது. அந்த வருடம்தான் கம்பெனி பெயர் மாருதி சுஸுகி ஆனது. அதேபோல ஸ்பார்க் பிளக் செய்த 'மைக்கோ' கம்பெனியின் பெட்டி என்றால் 2008-க்கு முந்தையது, அதன்பின் பாஷ். அந்தக் காலத்து ஸ்பார்க் பிளக், கியர், கண்ணாடி, டோர் ஹேண்டில், கிரில் எல்லாம் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். ஆனால் ரப்பர் சாமான், எத்தனை ஒரிஜினலாக இருந்தாலும், வேண்டாம். டைமிங் பெல்ட், ஹோஸ் பைப், புஷ், ஆக்ஸில் பூட், வீல் சிலிண்டர் கிட் எல்லாம் ஓடாமல் அலமாரியில் இருந்தாலும் வயதாகும். ஹோஸை விரலால் மடக்கிப் பாருங்கள், மடிப்பில் பொடி வெடிப்பு தெரிந்தால் அதற்கு ஆயுள் முடிந்தது. பிளாஸ்டிக் பாகத்தின் பின்பக்கம் பல சமயம் கைக்கடிகாரம்போல ஒரு சின்ன வட்டம் இருக்கும்: சுற்றி 1 முதல் 12 வரை எண்கள், நடுவில் வருடம், அம்பு காட்டுவது மாதம். அதுதான் வார்த்த தேதி. பெட்டி மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைவிட அதற்கு மதிப்பு அதிகம்.

கார்புரேட்டர் வண்டி என்பதால் இன்னொன்று. இப்போது பங்குகளில் ஊற்றுகிற இ20 பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால். நம் வண்டியின் பெட்ரோல் குழாய்களும் கார்புரேட்டருக்குள் இருக்கும் டயாஃப்ரம் என்ற மெல்லிய ரப்பர் தகடும் அதை நினைத்துச் செய்தவை அல்ல. உப்பும், பிசுபிசுக்கும், வெடிப்பு விடும். பெட்ரோல் ஹோஸ் மாற்றும்போது எத்தனாலைத் தாங்கும் ஃப்ளோரோ ரப்பர் வகை, கடைகளில் விட்டான் என்பார்கள், அதைக் கேட்டு வாங்குங்கள். இன்ஜின் சூட்டுக்குப் பக்கத்தில் பெட்ரோல் கசிவது விளையாட்டில்லை.

சென்னையில் பழைய வண்டிகளை உடைத்துப் பாகம் பாகமாக விற்கும் புதுப்பேட்டைக்குப் போகலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். தாராளமாகப் போகலாம், எதற்குப் போகிறோம் என்று தெரிந்தால். கதவு, பானெட், கண்ணாடி, சீட் ரயில், கண்ணாடி ஏற்றும் மெஷின், மீட்டர் கன்சோல், டேஷ்போர்டு இவற்றுக்கு அதைவிட நல்ல இடம் இல்லை. உடைத்த வண்டியிலிருந்து வந்த பழைய கம்பெனி கதவு, லோக்கலில் அடித்த புதுக் கதவைவிடப் பொருத்தமாக உட்காரும். காலையில், பெயிண்ட் நிறத்தைவிட ஓரத்துத் துருவைப் பார்த்து வாங்குங்கள். "பாய், கீழ் மடிப்பு காட்டுங்க" என்றாலே நமக்கு விஷயம் தெரியும் என்று புரிந்துகொள்வார். பிரேக், முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் பால் ஜாயிண்ட், ஸ்டீயரிங்கோடு சேர்க்கும் டை ராடு எண்ட் மட்டும் அங்கே தொடவே தொடாதீர்கள். அது எத்தனை கிலோமீட்டர் தின்றிருக்கும் என்று விற்பவருக்கே தெரியாது. புதியவற்றுக்கு, ஸ்பேர் பார்ட்ஸ் கடைகள் வரிசையாக இருக்கும் சென்னை ஜி.பி. ரோடு பக்கம் நடந்தால் போதும்.

புதிதாக வாங்காமலே தப்பிக்கும் சாமான்களும் உண்டு. டைனமோவும் செல்ஃப் மோட்டாரும் செத்துவிட்டன என்றால் பெரும்பாலும் கார்பன் பிரஷ், பேரிங் அளவில்தான் விஷயம் இருக்கும். கைதேர்ந்த ஆட்டோ எலக்ட்ரீஷியன் பழைய ஒரிஜினலைப் பிரித்துச் சரிசெய்தது, பெயர் தெரியாத புது டைனமோவைவிட நீடித்து உழைக்கும் என்பது என் அனுபவம்.

ஃபோர்டு ஐகான், ஓப்பல் கோர்சா வைத்திருப்பவர்கள் இதைப் படித்துப் பெருமூச்சு விடுவீர்கள், தெரியும். கம்பெனியே கடையைக் கட்டிய வண்டிக்கு அதே வண்டி வைத்திருப்பவர்களின் வாட்ஸ்அப் குழுதான் முதல் கடை. அது தனிப் பதிலாக எழுத வேண்டிய சமாச்சாரம்.

கேட்டவருக்கு: முதலில் டைமிங் பெல்ட், பெட்ரோல் ஹோஸ், பிரேக் ஹோஸ், வீல் சிலிண்டர் கிட் இந்த நான்கின் பார்ட் நம்பரை எடுத்து வையுங்கள். கதவோர ரப்பர் பீடிங்கும் மீட்டர் லைட்டும் பொறுமையாகத் தேடிக்கொள்ளலாம்.