ஹூஸ்டன்ல இருக்கிற அத்தான் வீட்டுக் காவலுக்கு 9 மில்லிமீட்டர் பிஸ்டல் வாங்கியிருக்கார், அதுக்கு எந்த ரவை நல்லம்?

தம்பி, நீங்க எழுதினதப் பாத்தன். அத்தான் கிளொக் 19 எண்ட பிஸ்டல் வாங்கிட்டார், கடையில ஒருத்தன் 115 கிரேன் (ரவையில இருந்து பறந்து போற முன் பகுதி, அந்தச் சன்னத்திட நிறை) எடுங்க எண்டுறான், இன்னொருத்தன் 147 எண்டுறான், யூடியூப்ல ஒருத்தன் தண்ணிப் போத்தலுக்கு அடிச்சுக் காட்டிட்டு வேற ஒண்டச் சொல்லுறான், அக்கா பயத்தில மட்டக்களப்புக்குப் போன் எடுத்து உங்களக் கேக்கிறா. நான் ஹூஸ்டன்ல 17 வருசம் இருந்தவன், அதில எட்டு வருசம் பெற்றோல் செட்டில இரவு வேலை, வீட்டில ஒரு 9 மில்லிமீட்டர் வச்சிருந்தன். இப்ப களுவாஞ்சிகுடிக்கு வந்து இருக்கிறன், துவக்கு ஒண்டும் இல்ல, தேவையும் இல்ல. தெரிஞ்சதச் சொல்லுறன்.

முதல்ல பதில். 124இல இருந்து 147 கிரேனுக்குள்ள ஹொலோ பொயின்ட் (மூக்கில குழி உள்ள சன்னம்), பேர் தெரிஞ்ச கொம்பனிட சாமான், ஃபெடரல் எச்.எஸ்.டி., ஸ்பியர் கோல்ட் டொட், ஹோர்னடி கிரிட்டிகல் டியூட்டி இந்த மூண்டில எது அத்தான்ட பிஸ்டல்ல ஒருக்காவும் ஜாம் ஆகாம ஓடுதோ அது. மூண்டுக்கும் இடையில பெரிய வித்தியாசம் இல்ல, அதப் பிடிச்சு மாசக்கணக்கா யோசிக்கத் தேவையில்ல. யோசிக்க வேண்டியது, அந்தச் சன்னம் எங்க போய் நிக்கும் எண்டதை.

எனக்கு இது ஏன் மண்டைக்குள்ள நிக்குது எண்டு சொல்லுறன். 1990, எனக்கு 11 வயசு. ஒரு இரவு ஊருக்குள்ள வெடிச் சத்தம், நாங்க எல்லாரும் நிலத்தில குப்புறப் படுத்துக் கிடந்தம். விடிஞ்சு பாத்தா கிடுகு வேலியில ஒரு ஓட்டை, அடுப்படி மண் சுவர்ல ஒரு ஓட்டை, அம்மாட அலுமினியப் பானையில ரெண்டு ஓட்டை, உள்ள போனது ஒண்டு, வெளியால போனது ஒண்டு, அதுக்கு அங்கால நெல்லு மூட்டை அடுக்கு. எங்கயோ ஆரோ ஆருக்கோ வச்ச வெடி, எங்களுக்கு இல்ல. கொஞ்ச நாளைக்குப் பொறகு அம்மம்மா நெல்லு அவிக்க மூட்டையக் கொட்டேக்க சன்னம் சுளகில வந்து விழுந்துது, மூக்குக்கூட மழுங்கேல்ல, அப்பிடியே முழுசாக் கிடந்துது. அந்த மூட்டைக்கு அங்காலதான் என்ட தங்கச்சி படுத்துக் கிடந்தவள். அது ரைபிள் சன்னம், பிஸ்டல விடப் பல மடங்கு வேகம், ஆனா பிஸ்டல்லயும் இதே கதைதான் சின்ன அளவில நடக்கும். முழுக்கச் செப்புக் கவசம் போட்ட சன்னம், எஃப்.எம்.ஜே. எண்டு பெட்டியில போட்டிருக்கும், அது விரியாது, துளைச்சுக்கொண்டே போகும். 9 மில்லிமீட்டர் எஃப்.எம்.ஜே.ய சோதனை ஜெலட்டினுக்கு, அதாவது உடம்புச் சதைக்குப் பதிலா வைக்கிற ஜெலிக் கட்டிக்கு, அடிச்சா 24 அங்குலத்தையும் தாண்டும். ஒரு ஆள்ட உடம்பு அவ்வளவு தடிப்பு இல்ல, மிச்சம் எங்க போகும் எண்டு யோசிச்சுப் பாருங்க.

ஹொலோ பொயின்ட் எண்டா மூக்கில குழி இருக்கிற சன்னம். ஈரமான உடம்புக்குள்ள போகேக்க அந்தக் குழிக்குள்ள திரவம் அழுத்தி, செப்புக் கவசம் பூ மாதிரி பின்னுக்கு மடிஞ்சு விரியும், 9 மில்லிமீட்டர் 14, 15 மில்லிமீட்டர் அளவுக்கு வரும், அதால வேகம் குறைஞ்சு உள்ளுக்கயே நிண்டுடும். பின்னால நிக்கிற ஆளுக்குப் படுற வாய்ப்புக் குறையுது, சுடுற தடவையும் குறைய வாய்ப்பிருக்கு. அமெரிக்காவில பொலிஸ் இதைத்தான் பாவிக்கிறது. எங்கட ஆக்கள் கனபேர் இது தடை செஞ்ச சாமான் எண்டு நினைக்கிறாங்க, அந்தக் கதை வந்தது 1899 ஹேக் பிரகடனத்தில இருந்து. அதுக்குக் கொஞ்சம் முதல் கல்கத்தாவுக்குப் பக்கத்தில டம்டம் எண்ட இடத்தில இருந்த வெள்ளக்காரன்ட ஆயுதத் தொழிற்சாலையில விரியுற சன்னம் செஞ்சாங்க, "டம்டம் தோட்டா" எண்ட பேர் அங்க இருந்துதான். ஹேக்கில தடுத்தது நாடும் நாடும் செய்யிற யுத்தத்தில பாவிக்கிறதை, வீட்டுக் காவலுக்கோ பொலிஸுக்கோ அந்தப் பிரகடனம் பொருந்தாது. டெக்சாஸ்ல ஹொலோ பொயின்ட்டுக்குத் தடை இல்ல. நியூ ஜேர்சியில அதைக் காவித் திரியிறதுக்குக் கட்டுப்பாடு இருக்கு, அத்தான் வேலைக்கு அந்தப் பக்கம் மாறினா அந்த மாநிலச் சட்டத்த முதல் பாக்கச் சொல்லுங்க.

அப்ப எவ்வளவு ஆழம் போனாப் போதும்? 1986 ஏப்ரல் 11 மயாமியில எஃப்.பி.ஐ. எண்ட அமெரிக்க மத்திய புலனாய்வு ஆக்களுக்கும் ரெண்டு வங்கிக் கொள்ளைக்காரங்களுக்கும் நடந்த சண்டையில ரெண்டு எஃப்.பி.ஐ. அதிகாரிகள் செத்தாங்க, அஞ்சு பேருக்குக் காயம். அதில ஒரு கொள்ளைக்காரனுக்குத் தொடக்கத்திலயே 9 மில்லிமீட்டர் ஹொலோ பொயின்ட் பட்டது, கையத் துளைச்சு நெஞ்சுக்குள்ள போய் இதயத்துக்குக் கொஞ்சம் முன்னால நிண்டுட்டுது, அவன் அதுக்குப் பொறகும் சுட்டுக்கொண்டே இருந்தான். அதுக்குப் பொறகுதான் எஃப்.பி.ஐ. ஒழுங்கா ஒரு சோதனை முறையக் கொண்டு வந்தது, ஜெலட்டினுக்குள்ள 12 அங்குலத்துக்குக் குறையாம, 18 அங்குலத்துக்குக் கூடாமப் போகணும், வெறும் ஜெலட்டின் மட்டும் இல்ல, தடிச்ச உடுப்பு, சுவர்ப் பலகை, ஒட்டுப்பலகை, தகடு, வாகனக் கண்ணாடி எல்லாத்தையும் தாண்டியும் பாக்கிறது. நெஞ்சுத் தடிப்பு 12 அங்குலம் இல்லயே எண்டு கேப்பீங்க, ஆனா ஆள் பக்கவாட்டா நிப்பான், கை நடுவில வரும், அதுக்காகத்தான். தண்ணிப் போத்தல் வீடியோவ விட்டுட்டு இந்த 12இல இருந்து 18க்குள்ள வருதா, உடுப்புக்கு ஊடாகவும் விரியுதா எண்டதப் பாத்தா கடைக்காரங்கட கதையில முக்கால்வாசி தன்பாட்டில விழுந்திடும்.

கிரேன் எண்டது சன்னத்திட நிறை, மருந்திட நிறை இல்ல, இதில கனபேர் குழம்புறாங்க. பழைய நிறுவை, ஒரு இறாத்தலுக்கு 7000 கிரேன். எங்கட கணக்கில சொன்னா 124 கிரேன் சன்னம் 8 கிராம், ஒரு பவுன் தங்கத்திட நிறைதான். 115 எண்டா ஏழரைக் கிராம் அளவு, 147 எண்டா ஒன்பதரை. சின்னது வேகமாப் போகும், பெரிசு ஆறுதலாப் போகும், ஆனா ஆழம் கிட்டத்தட்ட உறுதியா வரும், சத்தமும் உதைப்பும் கொஞ்சம் மெதுவா இருக்கும். கிளொக் 19இட குழல் நாலு அங்குலம், அதில 124உம் சரி 147உம் சரி. கையில எது நல்லா நிக்குது எண்டு அத்தானும் அக்காவும் ரெண்டு பேரும் சுட்டுப் பாக்கணும், அக்காவும் எண்டு ஏன் சொல்லுறன் எண்டா அவர் வேலையில இருக்கேக்க வீட்டில இருக்கிறது அவதானே. 9 மில்லிமீட்டர் சின்னன், பெரிய ரவை எடுக்கச் சொன்னாங்க எண்டு ஆரும் சொன்னா, எஃப்.பி.ஐ.யே மயாமிக்குப் பொறகு 10 மில்லிமீட்டருக்கும் அதுக்குப் பொறகு .40 எண்ட, 9ஐ விடப் பெரிய ரவைக்கும் போய்ட்டு 2015 அளவில 9க்கே திரும்பி வந்தது எண்டு சொல்லுங்க. பிஸ்டல் சன்னம் ஆளத் தூக்கி எறியும் எண்டது படத்தில மட்டும்தான், எங்க படுது எண்டதுதான் கணக்கு, அதுக்குப் பழகத்தான் வேணும்.

இனி சுவர். இதைத்தான் நான் கெஞ்சிக் கேக்கிறன். இஞ்ச கல்லு வச்சு சீமெந்து பூசின வீட்டில இருந்த எங்களுக்கு சுவர் எண்டா சுவர் எண்டு ஒரு நினைப்பு இருக்கு. ஹூஸ்டன்ல வீட்டுச் சுவர் பலகைச் சட்டத்துக்கு ரெண்டு பக்கமும் அரை அங்குல ஜிப்சம் அட்டை, நடுவில காத்து. பிஸ்டல் சன்னத்துக்கு அது எங்கட கிடுகு வேலி மாதிரித்தான். ஹொலோ பொயின்ட் எண்டா சுவரில நிண்டிடும் எண்டு நம்பாதீங்க, அந்த ஜிப்சம் தூள் மூக்குக் குழிக்குள்ள அடைச்சா பொறகு அது விரியாமலும் போகலாம், எஃப்.எம்.ஜே. மாதிரித் துளைச்சுக்கொண்டு அடுத்த அறை, அதுக்கு அடுத்த அறை எண்டு போகும். ஹொலோ பொயின்ட் நிக்கிறது ஆள்ல பட்டால்தான், தவறினா இல்ல. நான் அப்பார்ட்மென்ட்ல இருக்கேக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை கட்டிலுக்குப் பக்கத்தில நிண்டு வாசலப் பாத்தன், அந்தக் கோட்ட அப்பிடியே நீட்டிப் பாத்தா வாசலுக்கு நேர பின்னால என்ட மகள்ட கட்டில்ட தலைமாடு. எனக்குக் கை நடுங்கிட்டுது, அண்டைக்கே அவள்ட கட்டில மற்றச் சுவருக்கு இழுத்துப் போட்டன். அத்தானையும் அக்காவையும் இதைச் செய்யச் சொல்லுங்க, ஒவ்வொரு இடத்திலயும் நிண்டு, எங்கால வருவான், அவனுக்குப் பின்னால ஆர் படுத்திருக்கிறது, அதுக்குப் பின்னால பக்கத்து வீட்டுக்காரன்ட எந்த அறை. ஒரு ரூபா செலவில்ல.

பொறகு, தெரிவு செஞ்ச ரவைய பிஸ்டல் சிக்காம விழுங்குதா எண்டு பாக்கணும். எங்கட அப்பா படுவான்கரையில ஒரு போடியார்ட (பெரிய வயல்காரர்) வட்டையில வேளாண்மைக் காவலுக்குப் போறவர், யானைக்கு வெருட்ட போடியார்ட லைசன்ஸ் துவக்கு, 12 போர். அந்தக் காலத் தோட்டாவுக்குக் கடதாசிக் கோது, மாரி மழையில ஈரம் பிடிச்சு ஊதினா துவக்கில தோட்டா ஏறுற அறைக்குள்ள போகாது. அதால போடியார் காவல் வாடிக்கு அனுப்ப முதல் வெளிச்சத்தில ஒவ்வொரு தோட்டாவா உள்ளுக்க போட்டு எடுத்துப் பாத்துத்தான் குடுப்பார், இரவில யானை வளவுக்குள்ள நிக்கேக்க பாக்க ஏலாது எண்டுவார். பித்தளைக் கோது ஊதாது, ஆனா ஹொலோ பொயின்ட் மூக்கு மொட்டையா இருக்கிறதால சில பிஸ்டல்ல ஏறேக்க தட்டும். அதால தெரிவு செஞ்ச அதே ரவையில 100, ஏலுமெண்டா 200 சுட்டுப் பாக்கணும், அதே மகசின்ல, ஒரு ஜாம் வந்தாலும் வேற ரவை எடுக்கணும். காசு போகும், ஒரு ரவை ஒரு டொலர் அளவில வரும், பெட்டியில வழமையா 20தான் இருக்கும். பழகுறதுக்கு அதே நிறையில மலிவான எஃப்.எம்.ஜே. வாங்கலாம். பிளஸ் பி எண்டு போட்டிருந்தா அழுத்தம் கூட, 9 மில்லிமீட்டருக்கு வழமையான உச்சம் 35,000 பி.எஸ்.ஐ. (ஒரு சதுர அங்குலத்துக்கு இத்தனை இறாத்தல்), பிளஸ் பிக்கு 38,500, பிஸ்டலோட வந்த புத்தகத்தில அனுமதி இருக்கா எண்டு பாக்காம வாங்கக் கூடாது. தேவையும் இல்ல எண்டுதான் என்ட எண்ணம்.

ஒவ்வொரு நாளும் ரவைய எடுத்து எடுத்து அதே ரவையத் திருப்பி பிஸ்டல்ட அறைக்குள்ள ஏத்துறதும் பிழை, சன்னம் கொஞ்சம் கொஞ்சமா கோதுக்குள்ள இறங்கும், வெடிக்கேக்க அழுத்தம் கூடும். நீளம் குறைஞ்ச மாதிரித் தெரிஞ்சா அந்த ரவைய ஒதுக்கி வைக்கணும். ஹூஸ்டன் வெயில்ல கார் டாஷ்போர்டுக்குள்ள பெட்டிய விடக் கூடாது, ரவைக்கு எண்ணெய் பூசவும் கூடாது. பிள்ளைகள் இருக்கிற வீடு, பூட்டுற பெட்டி முதல் வாங்கணும், ரவை ரெண்டாவது.

இன்னொண்டு, அத்தான்ட விசா என்ன எண்டு எழுதேல்ல நீங்க. கிரீன் கார்ட் எண்டா பிரச்சினை இல்ல. எஃப்-1 (படிக்க), எச்-1பி (வேலைக்கு) மாதிரி தற்காலிக விசாவில இருக்கிறவர் பொதுவா துவக்கும் வச்சிருக்க ஏலாது, ஒரு ரவையும் வச்சிருக்க ஏலாது, அது மத்திய அரசுச் சட்டம், வேட்டை லைசன்ஸ் மாதிரி ஒண்டு ரெண்டு விதிவிலக்குத்தான். பிடிபட்டா விசாவோட போய்டும் எல்லாம். அப்பிடி விசா எண்டா இதெல்லாத்தையும் விட்டுட்டு நாளைக்கே ஒரு சட்டத்தரணியோட கதைக்கச் சொல்லுங்க. கனடாவில இருக்கிற சொந்தக்காரர் இதை வாசிச்சிட்டு யோசிக்க வேணாம், அங்க 2022 ஒக்டோபர்ல இருந்து கைத்துப்பாக்கி வாங்குறதே நிப்பாட்டியாச்சு.

லீவுக்கு ஊருக்கு வரேக்க ஞாபகத்துக்கு எண்டோ, தெரியாமலோ ஒரு ரவை பெட்டிக்குள்ள கிடந்திடக் கூடாது, சுடப் பழகப் போகேக்க கொண்டுபோற பையோட ஊர்ப் பயணம் வர வேணாம் எண்டு அழுத்திச் சொல்லுங்க. இஞ்ச 1916ஆம் ஆண்டுத் துவக்குச் சட்டம் திருத்தங்களோட இன்னும் இருக்கு, லைசன்ஸ் இல்லாம ஒரு ரவை பிடிபட்டாலும் கட்டுநாயக்கா எயார்போட்டில இருந்து நேர மறியலுக்குத்தான்.

அத்தான்ட விசாவையும், வீடு தனி வீடா அப்பார்ட்மென்டா எண்டதையும், பிள்ளைகள்ட அறை எந்தப் பக்கம் எண்டதையும் எழுதுங்க. ஏலுமெண்டா அக்காவ வீட்டுப் படத்த ஒரு கடதாசியில கீறி அனுப்பச் சொல்லுங்க, நான் பாத்துச் சொல்லுறன்.