கடைசி ஊசியின்போது பக்கத்தில் இருக்கலாமா?

கேள்வி: எங்கள் லாப்ரடார் மணிக்கு 13 வயது. சிறுநீரகம் பழுதாகிவிட்டது. நான்கு நாளாகச் சாப்பாட்டை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஊசி போட்டு வேதனையில்லாமல் உயிரை அனுப்பிவிடலாம் என்கிறார் டாக்டர். அப்போது பக்கத்தில் இருக்க எனக்குத் தைரியம் வருமா? – வாசகி, திருச்சி

பதில்: இருங்கள். மருந்து வாடைக்கும் அந்நியர் கைகளுக்கும் நடுவே மணிக்குத் தெரிந்தது உங்கள் குரல் மட்டும்தான். டாக்டர் வீட்டுக்கே வருவாரென்றால் இன்னும் நல்லது.

மயக்க ஊசியைத் தனியாக முதலில் போடுவாரா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். தசையில் போட்டால் கண் சொருக ஐந்து முதல் பதினைந்து நிமிடம் ஆகும். சில மருந்துக்கு வாந்தி வரும், பயப்பட வேண்டாம். பேச வேண்டியதையெல்லாம் அந்த நேரத்தில் பேசிவிடுங்கள். தலைமாட்டில் உட்கார்ந்து காதோரம் தடவிக்கொடுங்கள், முன்னங்காலை டாக்டருக்கு விட்டுவிடுங்கள். அங்கேதான் கேனுலா, அதாவது ரத்தக்குழாயில் மருந்து ஏற்றும் சிறு குழாய், போடுவார். நீர் வற்றிய உடம்பில் நரம்பு சட்டென்று கிடைக்காது, இரண்டு மூன்று இடத்தில் குத்த நேரலாம். அவர் திறமையில் குறையில்லை. மருந்து நரம்புக்கு வெளியே கசிந்தால் எரியும் என்பதால்தான் அவ்வளவு நிதானம்.

அடுத்து, மயக்க மருந்தே மிக அதிக அளவில் ஏறும். ஓரிரு நிமிடத்தில் மூச்சும், பின்னாலேயே இதயமும் நிற்கும். நின்ற பிறகு நடப்பதைப் பார்த்துத்தான் பலரும் பதறுகிறார்கள்: கண் மூடாது, தோல் துடிக்கும், ஒன்றிரண்டு முறை பெருமூச்சு வாங்குவதுபோல வாய் திறக்கும், சிறுநீர் போகும். உயிர் இருப்பதாக நினைத்துவிடாதீர்கள். டாக்டர் ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்த்துச் சொல்வதுதான் கணக்கு. அடியில் பழைய துண்டு ஒன்றை விரித்து வையுங்கள்.

தாங்காது என்று தோன்றினால் மயக்கம் வரும்வரை இருந்துவிட்டு வெளியே வாருங்கள். அதில் தப்பே இல்லை. மணி விழித்திருக்கும் நேரம்தான் முக்கியம்.

அதுவரை சிரிஞ்சில் கஞ்சியைத் திணிக்காதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். சிறுநீரகம் கெட்டால் வாய் புண்ணாகும்; ஈரப் பஞ்சால் உதட்டை நனைத்தால் போதும். வலிக்கிறதே என்று பாராசிட்டமால், ஐபுப்ரூஃபன் எதையும் நீங்களாகக் கொடுக்கக் கூடாது.

ஃபீஸை முன்னமே கட்டிவிடுங்கள், அழுதுகொண்டே சில்லறை தேடுவது கொடுமை. சொந்த இடத்தில் புதைப்பதானால் கிணற்றடியை விட்டுத் தள்ளி, உடலுக்கு மேல் மூன்று நான்கடி மண் நிற்கும் அளவுக்கு ஆழமாகத் தோண்டச் சொல்லுங்கள். மருந்து உடலிலேயே தங்கியிருக்கும். தெருநாய் தோண்டித் தின்றால் அதுவும் செத்துப்போகலாம்.