ஸ்மித், டெய்லர், வாக்கர்: ஆங்கிலேயர்களின் பெயர்களுக்குப் பொருள் உண்டா?

ஆங்கிலப் பெயர்களுக்கு நம் பெயர்களைப் போலப் பொருள் உண்டா, உண்டெனில் 'கொல்லன்', 'தையற்காரன்' என்றெல்லாம் யாராவது பிள்ளைக்குப் பெயர் வைப்பார்களா என்பது கேள்வி. பொருள் உண்டு. ஆனால் ஸ்மித்தும் டெய்லரும் பெற்றோர் வைத்த பெயர்கள் அல்ல. ஊராரும் வரி தண்டியவர்களும் ஆளை அடையாளம் காண ஒட்டிவைத்த அடைமொழிகள் சில தலைமுறைகளில் உறைந்து குடும்பப் பெயர்களாகிவிட்டன. ஆகவே இயற்பெயரையும் குடும்பப் பெயரையும் தனித்தனியாகப் பார்ப்பதே சரி.

1066-இல் பிரான்சின் நார்மண்டிப் பகுதியிலிருந்து வந்த நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றும் வரை அங்கு ஒருவருக்கு ஒரு பெயர்தான். அது பெரும்பாலும் இரண்டு சொற்களை இணைத்ததாக இருக்கும்: எட்வர்ட் என்பதில் செல்வமும் காவலும் உள்ளன, ஆல்ஃபிரட் என்பதில் வனதேவதையும் அறிவுரையும் உள்ளன. ஆனால் கூட்டுப்பொருளை மனத்தில் வைத்தே பெயரிட்டார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. வூஸ்டர் நகர ஆயராக (பிஷப்) இருந்த புனித வுல்ஃப்ஸ்டனின் தாய் பெயர் வுல்ஃப்கிஃபு, தந்தை பெயர் ஏதல்ஸ்டன்; தாயிடமிருந்து ஓநாயையும் தந்தையிடமிருந்து கல்லையும் எடுத்து மகனுக்குச் சூட்டினார்கள். 'ஓநாய்க்கல்' என்பதற்கு ஆழ்ந்த பொருள் தேடுவது வீண் வேலை. உறவைக் காட்டுவதே அந்தப் பெயரின் பணி.

நார்மானியர் வந்தபின் வில்லியம், ராபர்ட், ரிச்சர்ட் போன்ற பெயர்கள் மேட்டிமைக்குரியனவாகி, பழைய பெயர்களில் பெரும்பாலானவை ஓரிரு நூற்றாண்டுகளில் வழக்கொழிந்தன. எட்வர்ட் தப்பியதற்குக் காரணம், இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஹென்றி தாம் வழிபட்ட புனித எட்வர்டின் பெயரை 1239-இல் பிறந்த தம் மூத்த மகனுக்கு வைத்ததுதான். திருச்சபை வழியாக ஜானும் தாமஸும் பெருகினர். அரமேய மொழியில் தாமஸ் 'இரட்டையர்', கிரேக்கத்தில் பிலிப் 'குதிரைகளை நேசிப்பவர்', மார்கரெட் 'முத்து' என்றாலும், அக்காலப் பெற்றோர் நாடியது புனிதரின் துணையை, சொற்பொருளை அல்ல.

இப்படி ஆண்களில் பெரும்பாலோர் விரல்விட்டு எண்ணக்கூடிய சில பெயர்களுக்குள் அடங்கியபோது, ஒரே ஊரில் பல ஜான்களைப் பிரித்துச் சொல்லவேண்டிய தேவை எழுந்தது. நிலக்கிழார்களும் தென்பகுதியினரும் முதலில் பரம்பரைப் பெயர்களைக் கொண்டார்கள். வடபகுதி எளிய மக்களிடையே 14-ஆம் நூற்றாண்டிலும் அவை உறுதிப்படவில்லை. 1379-இல் தலைவரிக்காக எழுதப்பட்ட பட்டியல்களில் தொழிலும் அடைமொழியும் அருகருகே கிடைப்பதால், ஆய்வாளர்களுக்கு அவை ஒரு புதையல்.

தொழிற்பெயர்களில் எனக்குப் பிடித்தது, 'நடப்பவர்' என்று இன்று தோன்றும் வாக்கர். தறியிலிருந்து இறக்கிய கம்பளித் துணி எண்ணெய்ப் பிசுக்கோடும் நெகிழ்ந்த இழைகளோடும் இருக்கும். அதை நீரில் ஒருவகைக் களிமண்ணோடோ, நாள்பட்ட சிறுநீரோடோ சேர்த்து, தொட்டிக்குள் இறங்கிக் காலால் மிதிமிதியென்று மிதித்தால்தான் பிசுக்கு நீங்கி, துணி சுருங்கிக் கெட்டிப்படும். இந்த வேலையைச் செய்தவர் வடக்கிலும் நடுநாட்டிலும் வாக்கர், தென்கிழக்கில் ஃபுல்லர், டெவன் முதலிய தென்மேற்குப் பகுதிகளில் டக்கர் எனப்பட்டார். தொழில் ஒன்றே, பெயரைக் கேட்டால் மூதாதையர் எந்தத் திசையினர் என்று ஓரளவு ஊகிக்கலாம். 12-ஆம் நூற்றாண்டு முதல் நீராற்றலால் இயங்கிய ஆலைகள் அந்த மிதிப்பு வேலையை மெல்ல எடுத்துக்கொண்டன, பெயர்கள் மட்டும் நிலைத்துவிட்டன.

ஜான்சன் 'ஜானின் மகன்' என்பது எல்லோருக்கும் தெரியும். செல்லப்பெயர்களிலிருந்து வந்தவைதான் குழப்புபவை: ரிச்சர்ட் என்பது ரிக் ஆகி, எதுகைக்காக டிக், ஹிக் என்று திரிந்ததால் டிக்சனும் ஹிக்ஸும் ஒரே ரிச்சர்டின் வழிவந்த பெயர்கள், ராபர்ட்டிலிருந்து ராபின்சன், ஹாப்சன், டாப்சன் மூன்றும் பிறந்தன. தாயின் பெயரும் நின்றதுண்டு. மாரியட் மேரியிலிருந்தும் டில்லட்சன் மட்டில்டாவிலிருந்தும் வந்தவை.

தந்தை பெயரையே முன்னெழுத்தாகக் கொள்ளும் நமக்கு வேல்ஸ் நாட்டு வழக்கம் எளிதில் புரியும். அங்கு 'மகன்' என்பதற்கு 'அப்' என்ற சொல்லைச் சேர்த்தார்கள். அப் ரீஸ் பிரைஸ் ஆகவும், அப் ஹவல் பவல் ஆகவும் திரிந்தன. ஆங்கிலேய முறை பிந்தி வந்து சேர்ந்தபோது அன்றைய தந்தையின் பெயரே குடும்பப் பெயராக உறைந்ததால், ஜோன்ஸ், டேவிஸ், எவன்ஸ் என்று ஒரு சில பெயர்களுக்குள் நாடே அடங்கிப்போனது. விளைவாக, 'பால்கார ஜோன்ஸ்' என்பதுபோல் தொழிலைச் சேர்த்து மீண்டும் அடைமொழி சூட்டவேண்டியதாயிற்று.

சொல்லுக்குச் சொல் பொருள் கொண்டால் ஏமாறும் பெயர்களும் உள்ளன. கிங் என்ற பெயருடையவர் அரச மரபினர் அல்லர்; திருவிழாக் கூத்தில் அரசன் வேடம் கட்டியவரோ, மிடுக்காக நடந்து கேலிக்கு ஆளானவரோ அவருடைய முன்னோராக இருக்கலாம். மணம்புரியாமை விதிக்கப்பட்ட ஆயர்களின் பட்டம் பிஷப் என்ற குடும்பப் பெயரானதும் இவ்வாறே. வாஷிங்டன் என்பதோ வடகிழக்கு இங்கிலாந்திலுள்ள ஓர் ஊர். ஜார்ஜ் வாஷிங்டனின் முன்னோர் ஒருவர் 12-ஆம் நூற்றாண்டில் அங்கு குடியேறி ஊர்ப்பெயரை ஏற்றார்.

ஒரே குடும்பப் பெயர் என்பதால் உறவு என்றும் கொள்ள இயலாது. இரும்படிக்கும் கொல்லர் இல்லாத ஊர் அரிது, ஆதலால் ஸ்மித் என்ற பெயர் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத எத்தனையோ இடங்களில் தனித்தனியாகத் தோன்றியது. 'உங்கள் குடும்பப் பெயரின் மரபுச் சின்னம்' என்று கேடய வடிவச் சின்னங்களைப் படச்சட்டத்தில் இட்டு விற்கும் இணையக் கடைகளை இதனால்தான் நான் நம்புவதில்லை. இங்கிலாந்தில் அத்தகைய சின்னம் ஒரு தனிமனிதருக்கு வழங்கப்பட்டு, அவருடைய ஆண்வழி வாரிசுகளுக்கு மட்டுமே உரியதாகிறது. குடும்பப் பெயருக்கென்று சின்னம் எதுவும் கிடையாது.